வலிப்பின் வேரைத் தேடிய வைல்டர் பென்ஃபீல்டு

நோய் எங்குத் தோன்றுகிறது எனக் கண்டறிவது ஒரு பணி. ஏன் தோன்றுகிறது என அறிவது மற்றொரு பணி. வலிப்பு நோயில் இவ்விரு பணிகளையும் ஓரிடத்தில் இணைத்தவர் வைல்டர் பென்ஃபீல்டு.

1891ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்போக்கேன் நகரில் பிறந்த இவர், ஆக்ஸ்ஃபோர்டில் நரம்பியல் அறிஞர் ஷெரிங்டனிடம் பயின்றார். 1928இல் கனடாவின் மாண்ட்ரியலுக்குக் குடிபெயர்ந்து, மெக்கில் பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். அவ்வாண்டின் இறுதியில் கடுஞ்சோதனை ஒன்று வந்தது. தமக்கை ரூத்தின் வலிப்புக்கு மூளைக்கட்டியே காரணம் எனத் தெரிந்தது. பென்ஃபீல்டே அறுவை மருத்துவம் செய்தார். எனினும் கட்டியை முழுமையாக அகற்ற இயலவில்லை. 1931இல் ரூத் மறைந்தார்.

மருத்துவரும் ஆய்வாளரும் இணைந்து உழைக்க வேண்டும் என்னும் அவரது வேட்கை வலுப்பெற்றது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் நிதியுதவியுடன் 1934இல் மாண்ட்ரியல் நரம்பியல் நிறுவனம் உருவானது. அங்கு, தலைப்பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்து, விழித்திருக்கும் நோயாளியின் மூளைப் புறணியை மெல்லிய மின்தூண்டலால் ஆராய்ந்து, வலிப்புத் தோன்றும் பகுதியை மட்டும் அகற்றும் முறையை அவர் வளர்த்தார்.

உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைச் செலவிடுகிறது. வலிப்பின்போது நரம்பணுக்கள் ஒருசேரக் கிளர்ந்தெழுவதால் குளுக்கோசும் ஆக்சிஜனும் விரைந்து செலவாகின்றன. லாக்டிக் அமிலம் பெருகுகிறது. மூளைக்குக் குருதி குறைவதே வலிப்பைத் தூண்டுகிறது என முன்னர்ப் பலர் கருதினர். வலிப்பின்போது அப்பகுதியில் குருதியோட்டம் மிகுவதைப் பென்ஃபீல்டும் உடனாய்வாளர்களும் 1939இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர்.

அறுவையில் அகற்றப்பட்ட திசுவும் வீணாகவில்லை. நிறுவனத்தின் நரம்பு வேதியியலாளர் எல்லியட்டுடன் இணைந்து அத்திசுவின் சுவாசத்தைப் பென்ஃபீல்டு ஆராய்ந்தார். 1948இல் வெளியான அவ்வாய்வில், இயல்பான திசுவுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. எனவே, ஆற்றல் ஆக்கத்தோடு அமினோ அமிலங்களையும் ஆராய வேண்டியிருந்தது. குளுட்டமிக் அமிலம் நரம்பணுவைத் தூண்டுவது; அதிலிருந்தே உருவாகும் காபா என்னும் அமினோ அமிலம் அத்தூண்டலை அடக்குவது. இச்சமநிலை குலைவது வலிப்புக்கு வழிவகுக்கும். மூளைச் சாற்றில் காணப்பட்ட அடக்கும் பொருள் காபாவே என 1957இல் எல்லியட் குழுவினர் மெய்ப்பித்தனர்.

பென்ஃபீல்டு 1976இல் மாண்ட்ரியலில் மறைந்தார். காபாவின் செயலை வலுப்படுத்தும் மருந்துகள் இன்று வலிப்பு மருத்துவத்தில் பயன்படுகின்றன. கத்தியால் அகற்ற இயலாத வலிப்பையும் அவை கட்டுப்படுத்த உதவுகின்றன.