இறைவனின் அளவுகோலைத் தேடிய கெப்ளர்

இவ்வுலகம் எங்ஙனம் தோன்றிற்று? தானே தோன்றியதா, ஒருவன் தோற்றுவித்ததா? இவ்வினாவை எழுப்பாத நாடும் இல்லை, காலமும் இல்லை. பெரும்பாலோர் முன்னோர் கூறிச் சென்ற விடையை ஏற்று அமைதியடைகின்றனர். சிலர் விடையே வேண்டா என்று விலகிச் செல்கின்றனர். தாம் நம்பிய விடையை எண்ணும் எழுதுகோலும் கொண்டு கணக்கிட்டுப் பார்க்கத் துணிந்தவர் மிகச் சிலரே. அவருள் ஒருவர் ஜெர்மானிய வானநூல் அறிஞர் யோகான்னஸ் கெப்ளர். கோள்களின் இயக்க விதிகள் மூன்றினைக் கண்டவர் என்று நம் பிள்ளைகள் பள்ளியில் அவரைப் பற்றிப் படிக்கின்றனர். அவ்விதிகளுக்குப் பின்னே ஓர் அடியாரின் உள்ளம் இருந்ததைப் பலர் அறியார். அவ்வுள்ளத்தின் வரலாற்றையே ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

கெப்ளர் 1571-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள், தென்ஜெர்மனியில் வைல் டெர் ஸ்டாட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை கூலிப்படையில் சேர்ந்து அடிக்கடி போருக்குச் சென்றவர். இறுதியாகச் சென்றவர் மீளவேயில்லை. தாய் காத்தரீனா விடுதி நடத்தியவர் ஒருவரின் மகள். மூலிகை மருந்து அறிந்தவர். இளமையில் வந்த பெரியம்மை கெப்ளரின் கண்பார்வையைக் குன்றச் செய்தது. வானத்தை ஆராயப் பிறந்தவருக்கு வானத்தைக் கூர்ந்து நோக்கும் கண் வாய்க்கவில்லை. எனினும், 1577-இல் பெரிய வால்மீன் ஒன்று தோன்றியபோது, ஆறு வயது நிரம்பாத மகனை மேட்டுநிலத்திற்கு அழைத்துச் சென்று தாய் அதனைக் காட்டினார். அக்காட்சி அவர் நெஞ்சை விட்டு அகலவேயில்லை.

வறிய மாணவர்க்கு ஆட்சியாளர் அளித்த உதவிப்பணத்தால் 1589-இல் டியூபிங்கன் பல்கலைக்கழகம் சேர்ந்தார். லூத்தரன் திருச்சபையின் போதகராவதே அவர் நோக்கம். ஆங்கு மேஸ்ட்லின் என்னும் பேராசிரியர், ஞாயிறே நடுவில் நிற்க நிலவுலகம் அதனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கஸின் கொள்கையை அவருக்கு அறிமுகம் செய்தார். கல்வி முடியும் முன்னரே, 1594-இல், ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரப் பள்ளிக்குக் கணித ஆசிரியராக அனுப்பப்பட்டார். போதகராகும் வாய்ப்பு நழுவியதே என முதலில் வருந்தினார். பின்னர், வானநூல் வழியாகவும் இறைவனைப் போற்றலாம் எனத் தெளிந்தார். அன்று பெற்ற தெளிவு இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

அவர் நம்பிக்கை யாது? இறைவன் உலகை மனம் போன போக்கில் படைக்கவில்லை, அளவறிந்து படைத்தான். வடிவக் கணிதம் இறைவனோடு என்றும் உள்ளது. அதனை முன்மாதிரியாகக் கொண்டே அவன் உலகை அமைத்தான். மனிதன் இறைவனின் சாயலில் படைக்கப்பட்டவன்; ஆதலின் அவ்வளவுகளை அறியும் ஆற்றல் மனித அறிவிற்கு உண்டு. உலகை ஒரு கோளமாகக் கண்டு, அதன் நடுவில் நிற்கும் ஞாயிறு தந்தையாகிய இறைவனையும், விண்மீன்கள் அமைந்த புறப்பரப்பு மைந்தனையும், இடைவெளி தூய ஆவியையும் குறிக்கும் என்றும் அவர் கருதினார்.

1595-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கையில் அவர்க்கு ஒரு கருத்து மின்னியது. அன்று அறியப்பட்ட கோள்கள் ஆறு. அவற்றிடையே இடைவெளிகள் ஐந்து. கன சதுரம் முதலான ஒழுங்குத் திண்மங்களும் ஐந்தே. ஆறாவது இருத்தல் இயலாது என்பது பழைய கிரேக்கர் கண்ட முடிவு. எனவே, ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு திண்மத்தைப் பொருத்தியே இறைவன் கோள்களை நிறுத்தினான் என்று அவர் முடிவு செய்தார். இறைவனின் வரைபடமே கைக்கு வந்தது போன்ற பேருவகை அவரை ஆட்கொண்டது. 1596-இல் அதனை நூலாக வெளியிட்டார்.

இன்று நாம் அறிவோம்: அக்கருத்து தவறு. 1781-இல் யுரேனஸும் 1846-இல் நெப்டியூனும் கண்டறியப்பட்டன. ஐந்து திண்மங்களுக்கும் கோள்களின் தொலைவுகளுக்கும் தொடர்பில்லை. ஆயினும் அத்தவறே அவரை மெய்யின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்தியது. தம் கருத்தை மெய்ப்பிக்கத் துல்லியமான அளவுகள் வேண்டும் என உணர்ந்தார். அவற்றைத் தேடிப் புறப்பட்டார்.

புறப்படக் காலமும் அவரைத் துரத்தியது. கத்தோலிக்க சமயத்தைத் தழுவாதவர் நகரை விட்டு நீங்குக என்று 1600-இல் கிராட்ஸில் ஆணை பிறந்தது. சமயம் மாறினால் வேலை நிலைக்கும். மனைவியின் சொத்தும் நிலைக்கும். கெப்ளர் மாறவில்லை. மனைவியோடு வண்டியேறிப் பிராக் நகரம் அடைந்தார். பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நாம் அவர் நிலையை ஓரளவு உணரலாம். ஆயின் நாம் பிழைப்பை நாடி வந்தவர்கள், அவரோ கொள்கைக்காகத் துரத்தப்பட்டவர்.

பிராக்கில் டைக்கோ பிராகி என்னும் டென்மார்க்கு நாட்டு அறிஞர் இருந்தார். தொலைநோக்கி இல்லாத அக்காலத்தில் வெறுங்கண்ணால் அவரைப் போல் கோள்களைத் துல்லியமாக அளந்தவர் எவரும் இலர். 1601-இல் அவர் மறைந்ததும் அவருடைய பதவியும் அளவுக் குறிப்புகளும் கெப்ளரிடம் வந்தன. செவ்வாயின் பாதையைக் காண முற்பட்ட கெப்ளர், கோள்கள் வட்டத்திலேயே செல்லும் என்ற இரண்டாயிரம் ஆண்டு நம்பிக்கையை ஒட்டி, எழுபது முறைக்குக் குறையாமல் கணக்கிட்டு ஒரு வட்டப் பாதையை அமைத்தார். பல இடங்களில் அது பொருந்தியது. சில இடங்களில் மட்டும் எட்டுக் கலை வரை பிசகியது. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கே கலை. எட்டுக் கலை என்பது வானில் நாம் காணும் முழுநிலவின் அகலத்தில் ஏறத்தாழக் கால் பங்கு.

வேறொருவராயின் இச்சிறு பிழையைப் பொருட்படுத்தியிரார். கெப்ளரால் இயலவில்லை. டைக்கோவின் அளவை இறைவன் அளித்த கொடையாகவே அவர் கருதினார். உலகை அளந்து படைத்தவன் எட்டுக் கலை தவறியிருப்பான் என்று எண்ண அவர் உள்ளம் இடந்தரவில்லை. தவறு தம் கணக்கிலேயே எனக் கொண்டு, அத்தனை உழைப்பையும் ஒதுக்கிவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். அதன் பயனாகவே, கோள்கள் ஞாயிற்றை நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்ற விதியும், ஞாயிற்றையும் கோளையும் இணைக்கும் கோடு சமகாலத்தில் சமபரப்பைக் கடக்கும் என்ற விதியும் 1609-இல் அவர் வெளியிட்ட புதிய வானநூலில் இடம்பெற்றன.

அறிவுலகில் வெற்றி பெற்றவரை வாழ்க்கை வாட்டியது. 1611-இல் மனைவியும் ஆறு வயது மகனும் மாண்டனர். 1612-இல் லின்ட்ஸ் நகரம் சென்றார். அங்கே அவருடைய சொந்தத் திருச்சபையே திருவிருந்தில் பங்கு கொள்ளலாகாது என அவரை விலக்கியது. சபையின் கோட்பாடுகள் அனைத்தையும் ஐயமின்றி ஏற்பதாகக் கையொப்பமிட அவர் மறுத்ததே காரணம். கத்தோலிக்கர் ஊரை விட்டு விலக்கினர். லூத்தரன் சபையார் திருவிருந்திலிருந்து விலக்கினர். இருவரிடமும் அவர் பொய் கூறவில்லை.

1615-இல் தாய் மீது சூனியக்காரி என்ற பழி எழுந்தது. எழுபது வயதைக் கடந்த அம்மூதாட்டி 1620-இல் சிறையிடப்பட்டுச் சங்கிலியால் பிணிக்கப்பட்டார். கெப்ளர் நெடுந்தொலைவு சென்று தாயின் வழக்கில் தாமே முன்னின்று, குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்தார். சித்திரவதைக் கருவிகளைக் காட்டி அச்சுறுத்தியும் அன்னை குற்றத்தை ஒப்பவில்லை. பதினான்கு திங்களுக்குப் பின், 1621-இல் விடுதலை பெற்றார். அடுத்த ஆண்டே காலமானார்.

இத்துயரங்களின் நடுவே எழுதி 1619-இல் அவர் வெளியிட்ட நூலின் பெயர், உலகின் இசைவு என்பதாகும். கோள்களின் வேகங்களுக்கு இடையே இசைக்குரிய விகிதங்கள் உண்டு; செவிக்குக் கேளாத அவ்விசையை அறிவு கேட்கும் என்பது அவர் நம்பிக்கை. அந்நூலிலேதான் மூன்றாம் விதி உள்ளது. ஒரு கோள் ஞாயிற்றைச் சுற்றும் காலத்தின் வர்க்கம், அதன் சராசரித் தொலைவின் கனத்திற்கு நேர்விகிதமாகும். வியாழனை எடுத்துக்கொள்வோம். அதன் தொலைவு நிலவுலகின் தொலைவைப் போல் 5.2 மடங்கு, சுற்றும் காலம் 11.86 ஆண்டு. முன்னதன் கனமும் பின்னதன் வர்க்கமும் ஏறத்தாழ 141 ஆகும். பின்னாளில் நியூட்டன் 1687-இல் ஈர்ப்பு விதியை நிறுவ இவ்விதிகள் துணைநின்றன.

சேரவேண்டிய ஊதியப் பாக்கியைக் கேட்டு ரேகன்ஸ்பர்க் சென்ற கெப்ளர், அங்கேயே நோயுற்று 1630 நவம்பர் 15-ஆம் நாள் உயிர் நீத்தார். அவர் கல்லறையையும் முப்பதாண்டுப் போர் அழித்தது. ஆயின், புதன் ஞாயிற்றின் குறுக்கே செல்லும் என்று அவர் கணித்துச் சொன்ன 1631 நவம்பர் 7-ஆம் நாள், பாரிசில் கசாந்தி என்னும் அறிஞர் அந்நிகழ்ச்சியைக் கண்டார். கணித்தவர் காண இல்லை, கணக்கு பொய்க்கவில்லை.

உலகம் படைக்கப்பட்டுச் சில ஆயிரம் ஆண்டுகளே ஆயின என்று கெப்ளர் நம்பினார். அண்டத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டு என்பது இன்றைய அறிவு. அவர் பெயர் தாங்கிய விண்வெளித் தொலைநோக்கி 2009 முதல் 2018 வரை பணியாற்றி, பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்கள் 2600-க்கு மேல் கண்டது. ஐந்து திண்மங்கள் மறைந்தன. கோளத்தின் உருவகமும் மறைந்தது. மூன்று விதிகள் நிலைத்தன. உலகைப் படைத்தவன் உண்டு என்போரும், இல்லை என்போரும் இன்று அவ்விதிகளைக் கொண்டே வானை அளக்கின்றனர்.

நம்பிக்கை உடையார் உண்மையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்பதே கெப்ளர் வாழ்க்கை நமக்குக் காட்டும் வழி. தம் நம்பிக்கைக்கு ஏற்ப வானத்தின் அளவை அவர் திருத்தவில்லை. வானத்தின் அளவுக்கேற்பத் தம் கணக்கைத் திருத்தினார். அதனையே இறைவழிபாடாகவும் கொண்டார். நம் குடியிருப்பின் மாடியில் நின்று விண்மீன்களைக் கண்டு, இவை எல்லாம் எப்படி வந்தன என்று நம் குழந்தைகள் வினவும் போது, அவர்கள் வாயை அடைத்துவிடாதிருப்போமாக. நம் விடையை அன்போடு கூறுவோம். கணக்கிட்டுப் பார்க்கவும் கற்பிப்போம். அறிவும் அன்பும் ஒருங்கே ஓங்குக!