மே 1 லீவுக்குச் சம்பளம் கிடைப்பது எப்படி? முதலில் கேட்டவர் சிங்காரவேலர்!

மே 1 வந்தால் கோவையில் மில் சங்கு ஊதாது. பம்ப்செட் கம்பெனிகளின் கேட் பூட்டியிருக்கும். வேலைக்குப் போகாவிட்டாலும் அன்றைய சம்பளம் உண்டு. இந்த லீவு சும்மா வந்ததில்லை. இதை 1923-லேயே கேட்டவர் ம.சிங்காரவேலர்.

யார் இவர்?

1860 பிப்ரவரி 18-ல் சென்னையில் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். படித்து வக்கீல் ஆனார். காந்தியின் ஒத்துழையாமை இயக்கத்துக்காக 1921-ல் வக்கீல் கவுனை எரித்துவிட்டு, கோர்ட்டுக்குப் போவதையே நிறுத்தினார்.

1923-ல் என்ன நடந்தது?

8 மணி நேர வேலை கேட்டு 1886-ல் அமெரிக்கத் தொழிலாளர்கள் நடத்திய போராட்டத்தின் நினைவுதான் மே தினம். அதை இந்தியாவில் முதன்முதலில் கொண்டாடியவர் சிங்காரவேலர். 1923 மே 1 அன்று சென்னையில் ஹைகோர்ட் எதிரே உள்ள கடற்கரையிலும், திருவல்லிக்கேணி கடற்கரையிலும் கூட்டம் நடந்தது. மே தினத்தை விடுமுறையாக அறிவிக்க வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள்.

வெள்ளைக்கார அரசு அசையவில்லை. 1928 ரயில்வே ஸ்ட்ரைக்கில் இறங்கியதற்காக, 68 வயதில் அவரைச் சிறையில் தள்ளியது. 1946 பிப்ரவரி 11-ல் அவர் காலமானார். கேட்ட லீவு அப்போதும் கிடைத்திருக்கவில்லை.

லீவு எப்போது கிடைத்தது?

கருணாநிதி முதல்வராக இருந்தபோது, 1969-ல்தான் தமிழ்நாட்டில் மே 1 சம்பளத்துடன் கூடிய விடுமுறை ஆனது. கேட்டு 46 வருஷம். கேட்டவர் மறைந்து 23 வருஷம்.

உங்களுக்கு என்ன உரிமை?

தமிழ்நாட்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் 1958-ல் வந்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய 4 நாட்களோடு, 5 பண்டிகை நாட்களுக்கும் சம்பளத்துடன் லீவு தர வேண்டும். அன்று வேலைக்குக் கூப்பிட்டால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும். இல்லையென்றால் அன்றைய சம்பளத்தோடு, சம்பளத்துடன் கூடிய மாற்று லீவு ஒன்றும் தர வேண்டும்.

ஆனால் திருப்பூர் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கும், சோமனூரில் கூலிக்குத் தறி ஓட்டுபவருக்கும் லீவு என்றால் பெரும்பாலும் அன்றைய வருமானம் போச்சு. சிங்காரவேலர் எல்லாத் தொழிலாளிக்கும்தான் கேட்டார். இவர்களுக்கு அது இன்னும் முழுசாக வந்து சேரவில்லை.