மைசூர் நாட்டின் ‘தொட்ட சுவாமி’

நம் பங்கு மக்களில் பலர் விடியற்காலையிலேயே அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி வேலைக்குப் போகிறார்கள். அங்கிருந்து ஓசூர் ஆலைகளுக்கு வருவோரும் உண்டு. இந்த எல்லை பழமையானதன்று. 1792-ல் கிருஷ்ணகிரியை உள்ளிட்ட பாராமகால் ஆங்கிலக் கம்பெனியின் கைக்குப் போனது. ஓசூரோ 1799 வரை மைசூர் நாடாகவே இருந்தது. அந்த 1792-ஆம் ஆண்டில்தான் பிரெஞ்சு நாட்டிலிருந்து ஓர் இளங்குரு இந்தியா வந்து சேர்ந்தார். ஆபே துபுவா என்று உலகம் அறிந்த ஜான் அந்துவான் துபுவா அடிகளாரை இம்மலரில் நினைவுகூர விரும்புகிறோம்.

புரட்சியின் கொந்தளிப்பில் தம் நாட்டில் குருக்கள் வேட்டையாடப்பட்ட நேரத்தில் குருப்பட்டம் பெற்றவர் அவர். பாரீஸ் வேதபோதக சபையைச் சார்ந்து புதுச்சேரி வழியாக வந்து, முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் உழைத்தார். 1799-ல் ராயக்கோட்டை, கெலமங்கலம், ஆனேக்கல் வழியாக நடந்த ஆங்கிலப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்தது. திப்பு சுல்தான் காலத்தில் சிறைப்பட்டு மதம் மாற்றப்பட்டிருந்த கிறிஸ்தவர்களைத் திரும்பச் சேர்க்கும் பொருட்டு அடிகளார் அங்கு அழைக்கப்பட்டார். அன்று முதல் மைசூர் நாடே அவருக்கு வீடாயிற்று. தலைப்பாகை, நீண்ட அங்கி, தாடி, மரக்கறி உணவு என்று இந்நாட்டவர் போலவே வாழ்ந்தார். மக்கள் அவரைத் ‘தொட்ட சுவாமியவரு’ என்றார்கள். பெரிய சுவாமி என்பது பொருள். நம் பகுதியில் கன்னடம் பேசுவோருக்கு நாம் இதை விளக்க வேண்டியதில்லை.

அக்காலத்தில் மக்களை வாட்டியது போரும் பஞ்சமும் மட்டுமல்ல, பெரியம்மையுங்கூட. ஒரு வீட்டில் கண்டால் தெருவையே காலி செய்யும். தப்பியவர்களிலும் கண்ணிழந்தோர் பலர். இங்கிலாந்தில் ஜென்னர் என்னும் மருத்துவர் 1796-ல் பசுவின் அம்மையைக் கொண்டு காப்பு முறை கண்டார். 1802-ல் அது பம்பாய்க்கு வந்தது. மருந்தைக் குளிர்ச்சியில் வைத்துக் காக்கும் வழி அன்று இல்லை. ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்து நீரை எடுத்து அடுத்த குழந்தையின் கையில் குத்த வேண்டும். இந்தச் சங்கிலி அறுந்தால் எல்லாம் போயிற்று. அம்மையைத் தெய்வத்தின் வருகையாக எண்ணிய வீடுகளில் இதற்குச் சம்மதம் பெறுவது எளிதா? எந்தச் சாதிப் பிள்ளையின் கையிலிருந்து எடுத்தது என்ற கேள்வி வேறு. வெள்ளைக்கார மருத்துவர் சொன்னால் கதவை அடைப்பார்கள். தம்மோடு உண்டு உறங்கிப் பேசிய தொட்ட சுவாமி சொன்னபோது கையை நீட்டினார்கள். 1803, 1804 ஆகிய இரண்டே ஆண்டுகளில் 25,000க்கும் மேற்பட்டோருக்கு அம்மை குத்தப்பட்டது. அவர்கள் எல்லாம் கிறிஸ்தவர்களா என்று கேட்க வேண்டாம்; மிகப் பெரும்பாலோர் அல்லர்.

பிழைப்புக்கு வழியற்ற தம் கிறிஸ்தவர்களை ஹாசன் பக்கத்துச் சாத்தள்ளியில் குடியமர்த்தி, உழவு செய்து வாழ ஏற்பாடு செய்தவரும் அவரே.

ஆயினும் அடிகளார் மனநிறைவோடு இந்நாட்டை விட்டுப் போனாரா? இங்கேதான் நமக்கு வருத்தம். 1823 ஜனவரியில் கப்பலேறினார். அவ்வாண்டு லண்டனில் வெளியான அவருடைய கடிதங்கள், இந்தியாவில் வேதம் பரப்பும் வேலை தோற்றுவிட்டதாகவே கூறுகின்றன. இத்தனை ஆண்டு உழைப்பில் தாம் மனந்திருப்பியவர்கள் இருநூறு முந்நூறு பேர் என்றும், அவர்களிலும் பெரும்பகுதியினர் தாழ்த்தப்பட்டோரும் பிச்சையெடுப்போருமே என்றும் கசப்போடு கணக்குச் சொல்கிறார். ஏழைகளைக் குறைவாக மதித்த அந்தச் சொல்லை நாம் ஏற்பதற்கில்லை. அதே ஏழைகளுக்குத்தானே சாத்தள்ளியில் நிலம் தேடிக் கொடுத்தார்! தம் வாழ்வை அளக்க அவர் திருமுழுக்குப் பதிவேட்டை எடுத்தார். அம்மை குத்திய பதிவேட்டை ஏனோ எடுக்கவில்லை.

அவருக்குப் புகழ் தேடித் தந்தது இந்துக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றிய நூல். கம்பெனியார் அதன் கையெழுத்துப் படியை விலைக்கு வாங்கி, 1816-ல் ஆங்கிலத்தில் அச்சிட்டனர். அதன் பெரும்பகுதி, அவருக்கு முன் இங்கு உழைத்த சேசுசபைக் குரு கேர்தூ அடிகளாரின் எழுத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதை 1987-ல் ஆராய்ச்சியாளர் நிலைநாட்டினர். நூலின் பெருமை இப்படிப் பங்கு போயிற்று. ஊர் ஊராகச் சென்று தாய்மாரிடம் பேசிய பேச்சு அவருடையதே.

கம்பெனியார் கொடுத்த உதவித்தொகையுடன் பாரீசில் தம் சபையின் குருமடத்தில் தங்கினார். 1826-ல் பஞ்சதந்திரக் கதைகளைப் பிரெஞ்சில் வெளியிட்டபோது, நம் வீரமாமுனிவரின் பரமார்த்த குருவையும் உடன் சேர்த்துக்கொண்டார். 1836 முதல் 1839 வரை சபையின் தலைவராயிருந்து, 1848 பிப்ரவரியில் இறைவனடி சேர்ந்தார்.

பெரியம்மை இந்தியாவை விட்டு நீங்கியது 1975-ல். நம் பங்கின் மூத்தோர் சிலரது மேற்கையில் அம்மை குத்திய வட்டத் தழும்பை இன்றும் காணலாம்.