சிறுவர்க்குக் கதை தந்த அனந்த் பை

பம்பாயில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில் கதை சொல்லும் பாட்டி பெரும்பாலும் ஊரிலேயே தங்கிவிடுவாள். மே மாத விடுமுறையில் ரயிலேறிச் சென்று அவள் மடியில் கிடக்கும் சில நாட்களில் பேரக் குழந்தைகள் கேட்கக்கூடிய கதைகள் எத்தனை? சென்ற நூற்றாண்டின் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வளர்ந்த நம் பிள்ளைகளில் பலர், பிரகலாதனையும் சாவித்திரியையும் முதன்முதலில் சந்தித்தது 32 பக்கங்கள் கொண்ட வண்ணப் படப் புத்தகங்களில்தான். அமர் சித்ர கதா என்னும் அவ்வரிசையை நாடறியச் செய்தவர் ஸ்ரீ அனந்த் பை. அன்னாரின் வரலாற்றை நம் ஆண்டு மலரில் எழுதப் புகுந்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. அவரும் நம்மவரைப் போலத் தெற்கிலிருந்து பிழைப்பு நாடும் பம்பாய்க்கு வந்து சேர்ந்தவரே. பட்டம் பெற்றதும் நம் மாட்டுங்காவிலேதான்.

1929-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் கார்க்களத்தில் பிறந்தார் பை. பாகுபலியின் ஓங்கிய கற்சிலையால் பெயர்பெற்ற அவ்வூர் இன்று கர்நாடகத்தைச் சேர்ந்தது. அவர் பிறந்த காலத்தில் தென் கன்னட ஜில்லாவாகச் சென்னை மாகாணத்துள் அடங்கியிருந்தது. வீட்டு மொழி கொங்கணி. இரண்டாம் வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். பன்னிரண்டாம் வயதில் பம்பாய் வந்து மாஹிமில் ஓரியண்ட் பள்ளியில் சேர்ந்தார். தாய் மடியில் கதை கேட்கும் பேறு வாய்க்காத சிறுவன் ஒருவன் பிற்காலத்தில் ஒரு நாட்டின் குழந்தைகளுக்கே கதை சொல்லியாக அமைந்ததை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது.

பின்னர் வில்சன் கல்லூரியிலும், மாட்டுங்காவில் உள்ள பம்பாய்ப் பல்கலைக்கழக ரசாயனத் தொழில்நுட்பத் துறையிலும் பயின்று பட்டம் பெற்றார். அத்துறையில் ஓர் இடம் கிடைப்பது எத்தகைய பாக்கியம் என்பதை நம் பெற்றோர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. சாயம், மருந்து, நெசவாலை என்று பம்பாயின் தொழில்கள் அனைத்தும் அக்கட்டடத்தின் வாயிலில் மாணவரை எதிர்நோக்கி நின்ற காலம் அது. அத்தகைய படிப்பை முடித்த இளைஞர், ரசாயனத்தை ஒதுக்கிவிட்டு 1954-இல் மானவ் என்ற பெயரில் சிறுவர் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். அது நிலைக்கவில்லை. நம் காலனியில் ஒரு பையன் அவ்வாறு செய்திருந்தால் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பத்திரிகை நின்ற பின்னர் டைம்ஸ் ஆப் இந்தியா நிறுவனத்தின் புத்தகப் பிரிவில் அவருக்கு வேலை கிடைத்தது. அந்நிறுவனம் 1964-இல் இந்திரஜால் காமிக்ஸ் என்னும் வரிசையைத் தொடங்கியது. அம்முயற்சியில் பைக்கும் பங்கு உண்டு. ஆப்பிரிக்கக் காட்டில் உலவும் ஃபாண்டம் என்ற முகமூடி வீரனின் அமெரிக்கப் படக்கதைகளே அதன் உயிர்நாடி. விற்பனையும் நன்றாகவே இருந்தது. படமும் எழுத்தும் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால் சிறுவன் உணவையும் மறந்து படிப்பான் என்பதைப் பை அங்கேதான் கற்றுக்கொண்டார் எனலாம்.

1967-இல் தில்லி சென்றிருந்தபோது தொலைக்காட்சியில் ஒரு வினாடி வினாப் போட்டியைக் காண நேர்ந்தது. கிரேக்க நாட்டுத் தெய்வங்களைப் பற்றி வினவியதும் மாணவர்கள் தயங்காது விடை பகர்ந்தனர்; இராமனின் தாய் யார் என்ற வினாவுக்கோ வாய் திறக்கவில்லை. இந்நிகழ்ச்சியைப் பை தம் வாழ்நாள் முழுவதும் கூறி வந்தார். கோசலையின் பெயரை அறியாத தில்லிப் பிள்ளைகளைக் குறைகூறுவது எளிது. கோவலனின் தந்தை பெயர் யாது என்று நம் சங்க விழாவில் கேட்டால் மாசாத்துவான் என்று சொல்வோர் எத்தனை பேர் இருப்பர்? பிள்ளைகளை விடுங்கள், பெரியவர்களையே கேட்டுப் பார்க்கலாம்.

நம் நாட்டுக் கதைகளையே படக்கதையாக வெளியிட வேண்டும் என்ற எண்ணத்துடன் பம்பாய் திரும்பியவரை ஏற்றுக்கொண்டவர் இந்தியா புக் ஹவுஸ் அதிபர் ஜி. எல். மீர்சந்தானி. இவ்விடத்தில் மற்றொருவரையும் மறவாது குறிப்பிடுதல் நேர்மை. அதற்கு முன்னரே, அந்நிறுவனத்தின் பெங்களூர்க் கிளையில் பணியாற்றிய ஜி. கே. அனந்தராம் என்பவரின் முயற்சியால் இவ்வரிசை கன்னடத்தில் பிறந்துவிட்டது. முதல் பத்து நூல்களும் சிண்டரெல்லா போன்ற மேனாட்டுக் கதைகள். ஆதலால்தான் பை எழுதி ராம் வாயீர்கர் வரைந்த கிருஷ்ணன் கதை, நம் நாட்டுக் கதைகளுள் முதலாவதாக இருந்தும் 11 என்ற எண்ணைத் தாங்கி நிற்கிறது. பெரும் முயற்சிகளுக்குத் தந்தையர் பலர் இருப்பர்; வளர்த்தவர் பெயரே ஊர் வாயில் நிலைக்கும்.

வளர்ப்பதும் எளிதாக இருக்கவில்லை. படக்கதை என்றாலே படிப்பைக் கெடுக்கும் பண்டம் என்று ஆசிரியர்கள் முகஞ்சுளித்த காலம். முதல் சில ஆண்டுகளில் விற்பனை மந்தம். பை சோர்ந்து அமரவில்லை. பள்ளி பள்ளியாகச் சென்று தலைமையாசிரியர்களிடம் வாதாடினார். இலக்கியங்களைப் படக்கதையாக்கும் வரிசை ஒன்று அமெரிக்காவில் 1941-லேயே தோன்றிவிட்டது. அதற்கு அங்குப் புதிதாக வாசகரைத் தேட வேண்டியிருக்கவில்லை. இங்கோ வாசகரையும் உண்டாக்கி, கடைக்காரரையும் இணங்கவைத்து, பெற்றோரின் ஐயத்தையும் போக்க வேண்டியிருந்தது. 1978-இல் கல்வியில் படக்கதையின் பங்கு பற்றித் தில்லியில் ஒரு கருத்தரங்கே கூடியது என்றால், அவர் எவ்வளவு தொலைவு வந்துவிட்டார் என்பது விளங்கும்.

அவரைச் சுற்றி நல்லதொரு குழுவும் அமைந்தது. கமலா சந்திரகாந்த், சுப்பா ராவ் முதலியோர் ஆசிரியர் குழுவில் துணை நின்றனர். பிரதாப் முளிக், திலீப் கதம் முதலியோர் தூரிகை பிடித்தனர். மீராபாயின் கதைக்குப் படம் வரைந்தவர் யூசுப் பெங்களூர்வாலா. கண்ணன்பால் உருகிய அரசியைத் தீட்டியது ஒரு முகம்மதியக் கலைஞரின் கை என்பது பம்பாய் நகரத்துக்கே உரிய அழகு.

நம் வீடுகளுக்குள் இப்புத்தகங்கள் நுழைந்த வழியைச் சொல்லாமல் விடலாகாது. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தியோர் எல்லாரும் அவற்றை விலை கொடுத்து வாங்கியவர் அல்லர். காலனி முனையில் இருந்த சர்க்குலேட்டிங் லைப்ரரியில் நாள் வாடகைக்கு எடுத்து, அண்ணன் படித்து, தங்கை படித்து, அடுத்த வீட்டுக் குஜராத்திப் பையனும் படித்த பின்னர்த்தான் புத்தகம் திரும்பிச் செல்லும். ரயில் நிலைய வீலர் கடைகளிலும், கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் பழம்புத்தகக் கடைகளிலும் தேடித் திரட்டியோர் உண்டு. ரத்திக்காரனுக்குப் போடாமல் பத்துப் பத்தாகக் கட்டடம் செய்து பரணில் வைத்திருக்கும் வீடுகள் இன்றும் உள.

தமிழர்க்கு இவ்வரிசை என்ன செய்தது? கண்ணகியின் கதை வந்தது; இராசராச சோழன் வந்தான்; சுப்பிரமணிய பாரதியாரும் இரமண மகரிஷியும் வந்தனர். வடநாட்டுப் பிள்ளை ஒன்று மதுரை எரிந்த கதையை அறிந்ததெனில் பெரும்பாலும் இவ்வாறே அறிந்திருக்கும். 1979-இல் வெளியான அம்பேத்கரின் வரலாறு, பள்ளியில் தீண்டாமைக்கு ஆளான சிறுவனைப் படமாகக் காட்டியது. தாராவியில் நெல்லைச் சீமையிலிருந்து வந்து குடியேறிய எத்தனையோ குடும்பங்களுக்கு அது பிறர் கதை அன்று. எனினும் நூற்றுக்கணக்கான நூல்களைக் கொண்ட வரிசையில் தமிழகத்துக்குக் கிடைத்த இடம் சிறிதே என்பதை மறைப்பதற்கில்லை.

ஆராய்ச்சியாளர் கூறிய குறைகளும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. தேவரும் அரசரும் வெளுத்த மேனியராகவும் அரக்கர் கறுத்த மேனியராகவும் தீட்டப்பெற்றனர். நம் வீட்டுக் குழந்தைகள் அப்பக்கங்களையும் தம் கைகளையும் மாறி மாறிப் பார்த்திருக்க மாட்டார்களா? பெண்டிர் பெரும்பாலும் கணவன்பொருட்டுத் துன்புறுவோராகவே வந்தனர். வால்மீகி முன்பு கள்வராக இருந்தார் என்று வரைந்ததை, அம்முனிவரைத் தம் குலத்தலைவராகப் போற்றும் மக்கள் பஞ்சாபில் வன்மையாக எதிர்த்தனர். இவை அனைத்திலும் பெரிதாக எமக்குத் தோன்றுவது மொழி. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் இந்நூல்கள் வெளிவந்தன. ஆயினும் இந்நகரில் நம் பிள்ளைகள் கையில் தவழ்ந்தவை ஆங்கிலப் பிரதிகளே. ஊரில் பாட்டி சொல்லும் கதையை அவர்கள் ஏற்கெனவே அறிந்திருந்தனர். அவள் சொல்லும் சொற்களைத்தான் அறியவில்லை. அக்குறையைப் பையின் தலையில் ஏற்றுவது முறையாகாது. தமிழ் எழுத்தைக் கற்பிப்பது அவர் ஏற்ற பொறுப்பு அன்று, வீட்டிலிருந்த நம்முடையது.

1980 ஏப்ரலில் டிங்கிள் என்னும் சிறுவர் இதழைத் தொடங்கினார். வாசகர் எழுதி அனுப்பும் கதைகளுக்கு அதில் இடம் உண்டு. திருச்சியிலிருந்து ஒருவர் அனுப்பிய கதைகளைக் கொண்டே 1983-இல் சுப்பாண்டி பிறந்தான். ஏவிய வேலையைச் சொல்லுக்குச் சொல் பிழையாகப் புரிந்துகொள்ளும் அவ்வேலைக்காரன் நம் நாட்டு வாய்மொழிக் கதைகளிலிருந்து புறப்பட்டவன். கண்ணகியினும் இராசராசனினும் மிகுதியாக இந்தியச் சிறுவர் உள்ளத்தில் குடிகொண்ட தமிழன் இவ்வசடனே என்பதை எண்ணினால் நகைப்பு வருகிறது; மகிழ்ச்சியும் வருகிறது.

இதழுக்குச் சிறுவர் எழுதிய கடிதங்கள் குவிந்தன. பைக்கும் அவர்தம் துணைவியார் லலிதா அம்மையாருக்கும் மக்கட்பேறு இல்லை. கடிதம் எழுதிய பிள்ளைகள் அனைவரும் அவரை அங்கிள் பை என்றே அழைத்தனர். நாளடைவில் நாடே அவ்வாறு அழைத்தது.

எண்பதுகளின் பிற்பகுதியில் மகாபாரதத்தை 42 நூல்களாக வெளியிட்டனர். அதே காலத்தில் ஞாயிறு காலைகளில் தொலைக்காட்சிப் பெட்டி இதிகாசங்களைக் காட்டத் தொடங்கிற்று. லைப்ரரிகள் ஒவ்வொன்றாக மூடின. 1991-இல் புதிய நூல்கள் ஒழுங்காக வருவது நின்றது. பழைய நூல்களின் மறுபதிப்புகள் விற்றுக்கொண்டே இருந்தன. 2007-இல் வரிசை முழுவதும் புதிய நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறியது. அதன் பின்னரும் பை அப்பணியோடு தொடர்பை விடவில்லை. விற்ற பிரதிகள் பத்துக் கோடி அளவில் என்பர்.

2011 பிப்ரவரியில் தில்லியில் இந்தியாவின் முதல் காமிக்ஸ் விழா கூடியது. அவ்விழாவில் அவருக்கு வாழ்நாள் சாதனை விருது வழங்கப்பெற்றது. சில நாட்களில், பிப்ரவரி 24-ஆம் நாள், தம் 81-ஆம் வயதில் பம்பாயில் அவர் காலமானார்.