பழைய உளியில் உள்ள எழுத்துக்கும் சேலத்துக்கும் என்ன சம்பந்தம்? யார் இந்த ஹீத்?

பழைய இரும்புச் சாமான்களைப் புதுப்பிப்பது இப்போது பலருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. செகண்ட் ஹேண்டில் வாங்கிய கோல்ஃப் பட்டரின் தலை, தாத்தா விட்டுப்போன உளி, சவரக்கத்தி என எது கிடைச்சாலும் துருவை எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பொறித்த எழுத்துகளின் பள்ளத்தில் பெயின்ட் நிரப்பினால் ஆளே மாறிவிடும்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் செய்த பழைய உளி என்றால், துருவுக்கு அடியிலிருந்து இரண்டு சொற்கள் அடிக்கடி எட்டிப் பார்க்கும்: காஸ்ட் ஸ்டீல். மண் மூசையில் உருக்கி வார்த்த எஃகு என்று அர்த்தம். 19-ம் நூற்றாண்டின் நடுவில் அந்த எஃகு தரமாகவும் மலிவாகவும் ஆனதற்குக் காரணமானவர், சேலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகம் பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத். ஷெஃபீல்டு நன்றாகப் பணம் பார்த்தது. ஹீத்துக்குக் கிடைத்தது கோர்ட் செலவுதான்.

சேலத்தில் என்ன செய்தார்?

கம்பெனியின் வணிக அதிகாரியாக இருந்தார். துணி, பருத்திக் கொள்முதலைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இன்றைய நாமக்கல் மாவட்டமும் அப்போது சேலத்தோடு சேர்ந்ததுதான், 1997-ல்தான் பிரிந்தது. ஹீத்துக்குப் பறவை, விலங்குகள் மீதும் ஆர்வம் உண்டு. நம்மூரில் பறக்கும் ஒரு மஞ்சள் நிற வௌவாலின் அறிவியல் பெயரில் (ஸ்கோட்டோஃபிலஸ் ஹீத்தீ) இன்றும் அவர் இருக்கிறார். 1831-ல் வைத்த பெயர் அது.

ஆனால் அவரைக் கட்டிப்போட்டது இரும்பு. கஞ்சமலையைச் சுற்றி மேக்னடைட் தாது ஏராளம். அதை ஊர்க் கொல்லர்கள் சின்ன மண் உலைகளில், ஆட்டுத்தோல் துருத்தி ஊதி உருக்கினார்கள். அதோடு நிற்கவில்லை, அந்த இரும்பை எஃகாகவும் மாற்றினார்கள். இரும்புத் துண்டுகளோடு காய்ந்த ஆவாரங்குச்சியை மூசையில் போட்டு, மேலே எருக்கிலை வைத்து, வாயைக் களிமண்ணால் அடைத்து, கரி நெருப்பில் இரண்டரை மணி நேரம் சுடுவார்கள். குச்சியிலிருந்து கார்பன் இரும்புக்குள் ஏறும். வெளிநாட்டார் வூட்ஸ் என்று அழைத்த எஃகு இதுதான். இந்தச் செய்முறையை ஹீத் விரிவாக எழுதினார். 1839-ல் லண்டனின் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டி இதழில் அது வெளியானது. அதை அவருக்குக் காட்டிக்கொடுத்த கொல்லர்களின் பெயரைத்தான் யாரும் எழுதி வைக்கவில்லை.

பரங்கிப்பேட்டையில் ஏன் உலை?

ஐரோப்பிய முறையில் பெரிய உலை வைத்தால் இந்த இரும்பை இங்கிலாந்துக்கே விற்கலாம் என்பது ஹீத்தின் கணக்கு. வேலையை விட்டார். கம்பெனியிடம் தனி உரிமையும் கடனும் வாங்கினார். 1830-ல் பரங்கிப்பேட்டையில் தொழிற்சாலை தொடங்கியது. கடற்கரை என்பதால் கப்பலில் ஏற்றுவது சுலபம். பின்னர் மலபார் கரையில் பேப்பூரிலும் உலை வந்தது.

கணக்கு எங்கே தப்பியது? தாது சேலத்தில், உலை ஏறத்தாழ 200 கி.மீ. தள்ளி. எரிபொருளோ மரக்கரி. பெரிய உலை ஒன்று காட்டையே தின்னும். பக்கத்துக் காடு தீரத் தீர, கரி வரும் தூரமும் விலையும் ஏறிக்கொண்டே போகும். நிலக்கரியில் ஓடிய இங்கிலாந்து உலைகளோடு இதை வைத்துப் போட்டி போட முடியவில்லை. கம்பெனி கை மாறி, 1860-களில் மூச்சு விட்டது. ஹீத் போட்ட சொந்தப் பணமும் அதோடு போச்சு.

இங்கே ஒரு வாட்ஸ்அப் தகவலையும் தீர்த்துவிடலாம். பரங்கிப்பேட்டை இரும்பில்தான் பிரிட்டனின் மெனாய் தொங்கு பாலம் கட்டப்பட்டது என்று சுற்றி வருகிறது. அந்தப் பாலம் திறந்தது 1826-ல். பரங்கிப்பேட்டையில் அப்போது உலையே இல்லை.

மாங்கனீசு எதற்கு?

ஷெஃபீல்டுக்காரர்களுக்கு அப்போது ஒரு தலைவலி. நல்ல எஃகு வேண்டுமென்றால் விலை கூடிய ஸ்வீடன் இரும்பு வாங்க வேண்டும். உள்ளூர் மலிவு இரும்பை மூசையில் உருக்கினால், சூடாக்கி அடிக்கும்போது விரிசல் விடும்; வேறு இரும்போடு ஒட்டவும் செய்யாது. வில்லன்கள் உள்ளே தங்கிய கந்தகமும் ஆக்சிஜனும்.

உருகும்போது 1 முதல் 3 சதவீதம் மாங்கனீசு கார்பைடு சேர்த்தால் இந்தச் சிக்கல் தீர்கிறது என்று ஹீத் கண்டார். மாங்கனீசு அந்த இரண்டையும் தன்னோடு இழுத்துக்கொள்கிறது. 1839 ஏப்ரலில் காப்புரிமை பெற்றார். (சேலம் கொல்லர்கள் மாங்கனீசு போட்டார்கள், அங்கிருந்து சுட்டார் என்று சொல்வது மிகை. ஆனால் மூடிய மூசைக்குள் ஒரு பிடி சரக்கு எஃகின் குணத்தையே மாற்றும் என்பதை அவர் கண்ணால் பார்த்தது இங்கேதான்.)

எஃகு விலை இறங்கியது. கூடவே, சாதாரண இரும்பு உடலில் விலை கூடிய எஃகு முனையை மட்டும் ஒட்டிக் கத்தியும் உளியும் செய்வது சுலபமானது.

அப்புறம் ஏன் தோற்றார்?

காப்புரிமையில் ஒரே ஒரு சொல்தான் வினை. அதில் இருந்தது மாங்கனீசு கார்பைடு. அதைத் தனியாகத் தயாரிக்கச் செலவு அதிகம். விரைவிலேயே மலிவான வழி புழக்கத்துக்கு வந்தது: மாங்கனீசு ஆக்சைடையும் கரிப்பொருளையும் நேராக மூசையில் போட்டுவிடுவது. உள்ளே போனதும் இரண்டும் சேர்ந்து கார்பைடு ஆகிவிடும், பலன் ஒன்றுதான். ஆனால் நாங்கள் போட்டது வேறு சரக்கு, ராயல்டி தர மாட்டோம் என்றது ஷெஃபீல்டு. எதிர்த்து நின்றவர் அன்வின், ஹீத்தின் ஏஜென்டாக இருந்தவரே.

வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 1851-ல் ஹீத் இறந்தார். 1853-ல் காப்புரிமைக் காலத்தை அவர் மனைவிக்கு நீட்டித்துக் கொடுத்தார்கள். 1855-ல் பிரபுக்கள் சபை அன்வின் பக்கம் தீர்ப்புச் சொன்னது, கதை முடிந்தது. அடுத்த ஆண்டே பெசமர் முறை வந்தபோது, அதில் வந்த எஃகைச் சரிசெய்யவும் மாங்கனீசுதான் தேவைப்பட்டது. அந்தப் பெருமை ராபர்ட் மஷெட்டுக்குப் போனது.

கஞ்சமலை அடிவாரத்தில் இன்று இருக்கும் சேலம் உருக்காலை ஸ்டெயின்லெஸ் தகடுக்குப் பெயர் போனது. மலையின் தாது அங்கே போவதில்லை.

உங்கள் கையில் அப்படி ஓர் உளி இருந்தால்?

கிரைண்டர் வேண்டாம். எழுத்தும் போகும், சூடு ஏறி முனை நீலம் பாய்ந்தால் எஃகின் கடினமும் போகும். ஒரு ராத்திரி வினிகரில் ஊற வைத்து, சோடா உப்புத் தண்ணீரில் கழுவி உடனே துடைத்துக் காய வைக்கவும். பொடி உப்புத்தாளால் ஒரே திசையில் தேய்க்கவும். எழுத்துப் பக்கம் கை லேசாக இருக்கட்டும். தின்னரால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, பல்குச்சி நுனியில் எனாமல் பெயின்ட் தொட்டுப் பள்ளத்தை நிரப்பவும். அரைகுறையாகக் காய்ந்ததும், மரத்துண்டில் இறுக்கிச் சுற்றிய துணியால் மேலே வழிந்ததை மட்டும் துடைத்தால் எழுத்து நிற்கும். பட்டர் தலைக்கும் பெயின்ட் வேலை இதேதான்.

உளியின் பக்கவாட்டையும் கொஞ்சம் தேய்த்துப் பாருங்கள். சில உளிகளில் முனையோரம் மங்கலாக ஒரு கோடு தெரியும். ஒரு பக்கம் இரும்பு, மறுபக்கம் அதில் ஒட்டிய எஃகு. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் அந்தக் கோடு இன்னும் நன்றாகத் தெரியும்.