காய்ச்சலை மருந்தாக்கிய டாக்டர் கோலி

உடம்பு முழுவதையும் சூடாக்கினால் புற்றுநோய் கரைந்துவிடும் என்று யாராவது சொல்லும்போது, பெரும்பாலும் வில்லியம் கோலி என்ற பெயரும் கூடவே வரும். அவர் உண்மையில் என்ன செய்தார் என்பது அந்த அளவுக்குச் சொல்லப்படுவதில்லை.

1862ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்த கோலி, 1888ல் ஹார்வர்டில் மருத்துவம் முடித்து நியூயார்க்கில் அறுவை சிகிச்சை நிபுணரானார். 1890ல் கையில் சார்க்கோமா என்ற புற்றுக்கட்டியோடு 17 வயதுப் பெண் ஒருத்தி அவரிடம் வந்தாள். முழங்கைக்குக் கீழே கையையே எடுத்தார். நோய் உடம்பெங்கும் பரவி, சில மாதங்களில் அந்தப் பெண் இறந்துபோனாள். இளம் மருத்துவரை அந்த மரணம் உலுக்கிவிட்டது.

மருத்துவமனையின் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். கழுத்துக்கட்டிக்குப் பலமுறை அறுவை செய்தும் பலனில்லாமல் கைவிடப்பட்ட ஒரு ஜெர்மானியக் குடியேறி அதில் இருந்தார். அவருக்கு எரிசிபெலாஸ் என்ற தோல் தொற்று வந்து கடும் காய்ச்சல் அடித்தது. காய்ச்சலோடு கட்டியும் மறைந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து அந்த மனிதரை நியூயார்க் தெருக்களில் தேடி அலைந்து கண்டுபிடித்தார் கோலி. ஆள் நலமாக இருந்தார்!

அப்படியென்றால் அந்தத் தொற்றை நாமே உண்டாக்கினால் என்ன? 1891ல் ஒரு இத்தாலிய நோயாளிக்கு உயிருள்ள கிருமிகளை ஊசியில் ஏற்றினார். பல மாத முயற்சிக்குப் பிறகு காய்ச்சல் உச்சத்துக்குப் போய், நோயாளி மரணத்தின் வாசல்வரை சென்று திரும்பினார். கட்டி சுருங்கியது, மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்தார். ஆனால் அடுத்தடுத்த நோயாளிகளில் இருவர் புற்றுநோயால் அல்ல, இவர் ஏற்றிய தொற்றாலேயே இறந்தார்கள். கோலியைப் புகழ்பவர்கள் இந்த இரண்டு பேரை மறந்துவிடுகிறார்கள்.

கோலி மறக்கவில்லை. உயிருள்ள கிருமியை விட்டுவிட்டு, கொல்லப்பட்ட இருவகைக் கிருமிகளின் கலவைக்கு மாறினார். 1893ல் வயிற்றில் பெரிய கட்டியோடு வந்த 16 வயதுப் பையனுக்கு மிகச் சிறிய அளவில் தொடங்கி, காய்ச்சல் வரும்வரை அளவைக் கூட்டி, மாதக்கணக்கில் கொடுத்தார். அவன் குணமாகி, 26 ஆண்டுகள் கழித்து மாரடைப்பில் இறந்தான்.

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. கலவையின் வீரியம் ஒவ்வொரு தயாரிப்பிலும் மாறியது. பதிவுகளும் முறையாக இல்லை. கதிர்வீச்சு சிகிச்சை வளர்ந்தபோது, சக மருத்துவர் ஜேம்ஸ் யூயிங் போன்றவர்கள் இவரைக் கடுமையாக எதிர்த்தார்கள். 1936ல் கோலி இறந்த பிறகு அவருடைய மருந்தும் மெல்ல வழக்கொழிந்தது. மகள் ஹெலன் தந்தையின் பழைய குறிப்புகளைத் திரட்டி, 1953ல் புற்றுநோய் ஆய்வுக்கென ஒரு நிறுவனம் தொடங்கினார். இன்றைய இம்யூனோதெரபியின் முன்னோடியாக கோலியை மதிப்பது அதன் பிறகு வந்தது.

ஆக, கோலி நோயாளியை வெளியிலிருந்து சூடாக்கவில்லை. கிருமியைக் கண்டு உடம்பின் எதிர்ப்பு சக்தி விழித்தெழுந்தது. காய்ச்சல் அதன் அடையாளம். உடல் முழுவதையும் சூடாக்கும் ஹைப்பர்தெர்மியா என்பது வேறு. வெந்நீர்ப் போர்வையாலோ சூடேற்றிய அறையாலோ உடல் வெப்பத்தை 41, 42 டிகிரி செல்சியஸ்வரை கொண்டுபோகிறார்கள். அதற்கு மேல் போனால் மூளையும் கல்லீரலும் தாங்காது. வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். அரிதாக இதயமும் ரத்தக்குழாய்களும் பாதிக்கப்படலாம். கட்டி உள்ள இடத்தை மட்டும் சூடாக்கி, கூடவே கதிர்வீச்சு கொடுப்பதற்குச் சில புற்றுநோய்களில் நல்ல ஆதாரம் இருக்கிறது. முழு உடலுக்கான முறை இன்னும் வழக்கமான சிகிச்சையாக ஏற்கப்படவில்லை. இதய நோய் உள்ளவருக்கு ஆபத்து அதிகம். கீமோவால் கை கால் மரத்துப்போனவருக்குச் சூடு உறைக்காமலே தோல் வெந்துவிடும். நீராவிக் குளியலாக இருந்தாலும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

காய்ச்சல் நல்லதுதானே என்று வீட்டில் இருந்துவிடுவது இன்னும் பெரிய ஆபத்து. கோலி காலத்து நோயாளிகளுக்குக் கீமோ கிடையாது. கீமோ எடுப்பவருக்கு வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் காய்ச்சல் கண்டாலே அது அவசரநிலை. விடியட்டும் பார்க்கலாம் என்று காத்திராமல், நள்ளிரவானாலும் அப்போதே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.