கப்பலில் கோடு வரைந்த பெருந்தகை சாமுவேல் பிளிம்சால்



கிள்ளான் துறைமுகத்திற்கோ பினாங்குத் துறைமுகத்திற்கோ செல்லும் வாய்ப்புக் கிடைத்தால், அங்கு நிற்கும் சரக்குக் கப்பலின் பக்கவாட்டைக் கூர்ந்து நோக்குங்கள். நடுப்பகுதியில் ஒரு வட்டமும், அவ்வட்டத்தின் குறுக்கே செல்லும் ஒரு கோடும் தீட்டப்பட்டிருக்கும். அது அழகுக்காக இட்ட பொட்டு அன்று. கப்பலில் எவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்பதற்கு அதுவே எல்லை. எண்ணற்ற மாலுமிகளின் உயிரைக் காத்துவரும் அக்கோட்டிற்காகப் போராடிய ஒருவரின் வரலாற்றையே ஈண்டுக் காண்போம்.

சாமுவேல் பிளிம்சால் 1824-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 10-ஆம் நாள் இங்கிலாந்து நாட்டின் பிரிஸ்டல் நகரில் பிறந்தார். அவர் கல்லூரியில் பயின்றவர் அல்லர். இளமையிலேயே பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு ஷெபீல்டு நகரில் எழுத்தராக வேலைக்கு அமர்ந்தார். உழைப்பால் உயர்ந்து மேலாளரானார். 1853-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் நிலக்கரி வணிகம் தொடங்கினார். அவ்வணிகம் நொடித்துப் போயிற்று. கையிலிருந்த பொருளை எல்லாம் இழந்த அவர், ஏழைத் தொழிலாளர்கள் தங்கும் மலிவான விடுதியில் சில காசுகளைக் கொண்டு நாள்களைக் கழிக்க நேர்ந்தது. உழைத்துக் களைத்தோர் தம்மிடம் உள்ளதைப் பிறருக்கும் பகிர்ந்து கொடுப்பதை அங்கே அவர் நேரில் கண்டார். பின்னாளில் வணிகத்தில் வெற்றி பெற்றுச் செல்வரான போதும் அந்த நாள்களை அவர் மறந்தாரில்லை. 1868-ஆம் ஆண்டு டெர்பி நகர மக்கள் அவரைத் தம் நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தனர்.

அவர் காலத்துக் கப்பல்களின் நிலை என்ன என்பதை அறிய ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். வெறும் பால் வாளி ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்க விடுங்கள். அதனுள் கற்களை ஒவ்வொன்றாக இடுங்கள். ஒவ்வொரு கல்லுக்கும் வாளி சிறிது தாழும். வாளியின் விளிம்பு நீர்மட்டத்திற்கு அருகில் வந்த பின்னரும் அது மிதந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் தண்ணீரைக் கையால் சற்றே கலக்கினாலும் அலை உள்ளே புகுந்து வாளி மூழ்கிவிடும். விளிம்பிற்கும் நீர்மட்டத்திற்கும் இடையே உள்ள உயரமே வாளியைக் காக்கிறது. கப்பலுக்கும் இதுவே விதி.

அந்நாளில் அவ்வுயரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கூறும் சட்டம் இங்கிலாந்தில் இல்லை. சரக்கு மிகுந்தால் வருவாய் மிகும் என்று கப்பலின் முதலாளிகள் பலர் அளவுக்கு மீறி ஏற்றினர். பழுதுபட்ட கப்பல்களையும் பெருந்தொகைக்குக் காப்புறுதி செய்து கடலுக்கு அனுப்பினர். கப்பல் கரை சேர்ந்தால் கூலி வரும். மூழ்கினால் காப்புறுதிப் பணம் வரும். முதலாளிக்கு இழப்பில்லை. இழப்பெல்லாம் மாலுமிக்கும் அவன் மனைவி மக்களுக்குமே. இத்தகைய கப்பல்களை மக்கள் சவப்பெட்டிக் கப்பல்கள் என்றே அழைத்தனர். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பின் கப்பலின் நிலையைக் கண்டு அஞ்சி ஏற மறுத்த மாலுமிகள் சிறையில் அடைக்கப்பட்டனர். 1866-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், மிகுந்த பாரத்துடன் மெல்பர்ன் நகரை நோக்கிப் புறப்பட்ட ‘இலண்டன்’ என்னும் கப்பல் பிஸ்கே விரிகுடாவில் மூழ்கி இருநூறு பேருக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

முதலாளிகள் அனைவரும் கொடியவர் என்று கொள்ளுதல் தவறு. கப்பலுக்குப் பார எல்லை வேண்டும் என்று பிளிம்சாலுக்கு முன்பே குரல் கொடுத்தவர் நியூகாசில் நகரத்துக் கப்பல் முதலாளியான ஜேம்ஸ் ஹால் என்பவர். அக்கருத்தைப் பிளிம்சால் நாடாளுமன்றத்திற்கு எடுத்துச் சென்றார். அங்கே அவர் முயற்சி பலிக்கவில்லை. 1873-ஆம் ஆண்டு ‘நமது மாலுமிகள்’ என்ற பொருள்படும் நூலை வெளியிட்டு உண்மைகளை மக்கள் முன் வைத்தார். நாடு கொதித்தெழுந்தது. அவ்வாண்டிலேயே விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. முதலாளிகள் சிலர் அவர்மீது அவதூறு வழக்குத் தொடுத்தனர். துணைவியார் எலைசா அம்மையார் உடனிருந்து துணைபுரிய, அவர் தளராது நின்றார்.

1875-ஆம் ஆண்டு அரசாங்கம் ஒரு மசோதாவைக் கொண்டு வந்தது. ஆனால் சூலைத் திங்கள் 22-ஆம் நாள், நேரமின்மையால் அது கைவிடப்படுகிறது எனப் பிரதமர் டிஸ்ரேலி அறிவித்தார். அக்குளிர்காலத்தில் இன்னும் எத்தனை கப்பல்கள் மூழ்குமோ என்று எண்ணிய பிளிம்சால் நிதானம் இழந்தார். அவையில் கடுஞ்சொற்களைக் கூறி, சபாநாயகரை நோக்கிக் கையை ஓங்கினார். ஒரு வாரம் கழித்துத் தாம் பயன்படுத்திய சொற்களுக்காக அவையில் மன்னிப்புக் கேட்டார். ஆனால் தாம் எடுத்துரைத்த உண்மைகளை அவர் திரும்பப் பெறவில்லை. மக்கள் அவர் பக்கம் திரண்டனர். அரசாங்கம் விரைந்து ஒரு தற்காலிகச் சட்டத்தை இயற்றிற்று. 1876-ஆம் ஆண்டு நிலையான சட்டம் பிறந்தது.

இனிமேல்தான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி வருகிறது. அச்சட்டப்படி கப்பல்களில் கோடு வரைய வேண்டும். ஆனால் கோட்டை எந்த இடத்தில் வரைவது என்பதை முதலாளியே முடிவு செய்யலாம்! வேலி போட வேண்டும், எங்கே போடுவது என்பதை மேய வரும் மாட்டின் சொந்தக்காரரே சொல்லட்டும் என்பது போன்றது இது. பெயருக்குச் சட்டம் இருந்தது. எவர் கையைக் கட்ட அது பிறந்ததோ, அவரையே அது கட்டாமல் விட்டது. கரையோரமாகச் செல்லும் எண்பது டன்னுக்குக் குறைந்த கப்பல்கள், மீன்பிடி கப்பல்கள், உல்லாசப் படகுகள் ஆகியவற்றுக்கு முழு விலக்கும் தரப்பட்டது. வெற்றி பெற்றோம் என்று எண்ணி வீட்டில் அமர்ந்திருந்தால் பிளிம்சாலின் உழைப்பு வீணாகியிருக்கும். அவர் அமரவில்லை. 1880-ஆம் ஆண்டு நாடாளுமன்றப் பதவியை இன்னொருவருக்காக விட்டுக்கொடுத்த பின்னரும், மாலுமிகளின் தொழிற்சங்கத்திற்குத் தலைமை ஏற்றுப் பாடுபட்டார். கோட்டின் இடத்தை முதலாளி அல்லாமல் சட்டமே நிர்ணயிக்கும் நிலை 1890-ஆம் ஆண்டில்தான் வந்தது. கோடு பிறந்து அது உயிர் பெறுவதற்குப் பதினான்கு ஆண்டுகள் ஆயின.

1898-ஆம் ஆண்டு சூன் 3-ஆம் நாள் போக்ஸ்டன் நகரில் பிளிம்சால் காலமானார். அவருக்குப் பின்னும் ஓர் ஓட்டை எஞ்சியிருந்தது. இங்கிலாந்துத் துறைமுகங்களுக்கு வந்து செல்லும் அயல்நாட்டுக் கப்பல்களை அச்சட்டம் கட்டுப்படுத்தவில்லை. 1906-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றையும் உட்படுத்தியது. எனினும் அதே ஆண்டில் கணக்கு முறை திருத்தப்பட்டு, பல கப்பல்கள் முன்னினும் ஆழமாகப் பாரம் ஏற்ற இடம் தரப்பட்டது. 1929-ஆம் ஆண்டு மாலுமிகள் தம் சங்கத்தின் வாயிலாக இலண்டனில் தேம்சு நதிக்கரையில் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பினர். 1930-இலும் 1966-இலும் உலக நாடுகள் இலண்டனில் கூடிப் பார எல்லைக் கோட்டை அனைத்துலக விதியாக்கின. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் நம் மக்களை மலாயாவுக்கு ஏற்றிவந்த ‘ரஜுலா’ கப்பல் 1926-ஆம் ஆண்டு கட்டப்பட்டது. கோடு சட்டமான பின் கடலுக்கு வந்த கப்பல் அது.

இன்று வட்டத்தின் அருகில் ஏணிப்படி போலப் பல கோடுகள் உள்ளன. வட்டத்தின் குறுக்கே செல்வது கோடைகாலக் கோடு. நம்மைப் போன்ற வெப்ப மண்டலக் கடலுக்கு உரியது அதற்குச் சற்று மேலே ‘டி’ என்னும் ஆங்கில எழுத்துடன் இருக்கும். குளிர்காலத்துக்குரியது அதற்குக் கீழே இருக்கும். புயலும் பேரலையும் மிகுந்த கடலில் குறைவாகவே ஏற்ற வேண்டும் அல்லவா? நன்னீரில் கப்பல் சற்று ஆழமாக அமிழுமாதலால் அதற்கும் தனிக் கோடு உண்டு.

1966-ஆம் ஆண்டு ஒப்பந்தத்திலும் விலக்குகள் உள்ளன. போர்க்கப்பல்கள், மீன்பிடி கப்பல்கள், வணிகம் செய்யாத உல்லாசப் படகுகள், 24 மீட்டருக்குக் குறைந்த நீளமுள்ள புதிய கப்பல்கள் ஆகியவற்றை அது கட்டுப்படுத்தாது. அண்டை நாடுகளின் அருகருகே உள்ள துறைமுகங்களுக்கு இடையே, அலை குறைந்த கடலில் மட்டும் செல்லும் கப்பலுக்கும் ஓர் அரசு விலக்கு அளிக்கலாம். ஆனால் ஏன் அளித்தோம் என்ற காரணத்தை அனைத்துலகக் கடல்துறை அமைப்புக்கு அறிவிக்க வேண்டும். அது பிற அரசுகளுக்கும் தெரிவிக்கப்படும். 1876-ஆம் ஆண்டு விலக்கிற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். அன்று முதலாளியின் விருப்பமே அளவுகோலாக இருந்தது. இன்றோ, கப்பலின் தன்மையும் அது செல்லும் கடலின் தன்மையுமே அளவுகோல். காரணமும் பலர் அறியச் சொல்லப்படுகிறது. விலக்கு வேண்டவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வேண்டியவர், செல்வாக்குடையவர் என்பதற்காக வழங்கும் விலக்கு உயிரைக் குடிக்கும். கடலுக்கு யாருடைய செல்வாக்கும் தெரியாது.

மாணவர்களே! பிளிம்சால் கப்பலில் வேலை செய்தவர் அல்லர். கடலில் மாண்டவர்கள் அவருக்கு உறவினரும் அல்லர். ஆயினும் தாம் ஒரு காலத்தில் பட்ட வறுமையை மறவாமல், பிறர் உயிரைத் தம் உயிர்போல் கருதினார். சட்டம் வந்துவிட்டது என்று ஓய்ந்துவிடாமல், அது யாரை விட்டுவைத்திருக்கிறது என்று தேடிப் பார்த்தார். பள்ளி விதியானாலும் தொழிற்சாலைப் பாதுகாப்பு விதியானாலும் லாரியில் ஏற்றும் பாரத்தின் அளவானாலும், இந்த முறை மட்டும் என்று யாரேனும் விலக்குக் கேட்கும்போது, அதனால் ஆபத்து யாருக்கு என்று கேட்கப் பழகுவோமாக. அவ்வாறு கேட்கும் துணிவே நாம் அப்பெருந்தகைக்குச் செலுத்தும் நன்றியாகும்.